கை வைத்தவன் கணக்கு

ஆகஸ்ட் 4, திங்கள்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பேசலாம் என்றால் கேட்க ஆள் இல்லை. நாச்சிமுத்துவின் பெயரை எடுத்தாலே என் மனைவி வசுமதி அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுகிறாள். அதனால்தான் இந்த நாட்குறிப்பு.

போக்குவரத்துக் கழகத்தில் எங்கள் மண்டலத்துக்கு ஒன்பது கிளைகள். எந்தக் கிளையின் பணிமனை பேருந்துகளை ஒழுங்காகப் பராமரிக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் வேலை எனக்கு. கடைசியாக வரும் கிளையை மூடிவிட்டுப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்கள். எட்டு முடிந்தது. ஒன்பதாவது, மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருக்கும் இந்தக் கொன்றையாறு. கிளை மேலாளர் நாச்சிமுத்து.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர்கள். நான் எம்.இ. அவன் டிப்ளமோ முடித்து அஞ்சல் வழியில் பி.இ. வாங்கியவன். டயர் தேய்மானம் பற்றி நான் செய்த ஆய்வை அவன் மேடையேறிப் படித்தான். பாராட்டும் பதவி உயர்வும் அவனுக்கு. பிறகு அவன்மேல் யாரோ மொட்டைக் கடிதம் போட்டு, விசாரணை நடந்து, இந்த மலையடிவாரத்துக்குத் தூக்கி அடித்தார்கள். அப்போது நான் மகிழ்ச்சி அடையவில்லை என்று எழுத நினைத்தேன். நாட்குறிப்பில் பொய் எழுதக் கூடாது.

பேருந்தை விட்டு இறங்கியதும் அவனே வந்து என் பெட்டியைப் பிடுங்கினான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வாய்யா கலியமூர்த்தி. எங்களுக்கு முட்டை போட வந்திருக்கறயாமா?"

"மதிப்பீடு செய்ய வந்திருக்கேன். பெட்டியக் குடுங்க, நானே தூக்கிக்கிறேன்."

"என்னய்யா, 'ங்க' போட்டுப் பேசற? நான் என்ன உன் மாமனாரா?"

சுற்றி நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். பெட்டியைக் கொடுக்கவில்லை, அவனே மாடிக்குத் தூக்கிப் போனான். ஊழியர்கள் ஓய்வறைக்குப் பக்கத்து அறை எனக்கு. மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது. இதில்கூட ஒரு குறை இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழம்பித்தான் போயிருக்கிறேன்.

தலைமையகத்திலிருந்து வந்த புள்ளிவிவரத்தில் கொன்றையாறுதான் மோசம். வழியில் பழுதாகி நின்ற பேருந்துகளின் எண்ணிக்கையில் இதற்குப் பக்கத்தில்கூட வேறு கிளை இல்லை. முதலிடம் ஆலாம்பட்டிக்கு, அங்கே பழுது என்பதே அபூர்வம். போன வருடம் கேடயம் வாங்கியதும் ஆலாம்பட்டிதான்.

ஆனால் அந்த ஆலாம்பட்டிப் பணிமனையில் நான் பார்த்தது, குழியில் தேங்கி நின்ற எண்ணெய்த் தண்ணீர். வண்டிக்கு அடியில் படுத்தவனின் முதுகுக்குக் கீழே விரித்திருந்தது கட்சி பேனர். இங்கே குழி கழுவித் துடைத்துக் கிடக்கிறது. பழைய வண்டிகள்தான், ஆனால் பிரேக் பட்டைகள் மாற்றப்பட்டிருக்கின்றன, இருக்கைகள் ஆடவில்லை, மழைக்குக் கூரை ஒழுகவில்லை. காலையிலிருந்து அழுக்கைத் தேடி அலைந்தேன். என் கைக்குட்டைதான் அழுக்கானது.

ஃபோர்மேன் பெயர் பத்ரன். குள்ளமான ஆள், வாய் மட்டும் நீளம்.

"இவ்வளவு பழுது ஏன் வருது?" என்று கேட்டேன்.

"மலைங் சார்."

"மலைன்னா?"

"மேல ஏறோணும், கீழ எறங்கோணும். வேறென்னங் சார் பண்ணும் மல?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். திமிர். 'மலையைக் காரணம் காட்டுகிறார்கள்' என்று குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. துவைத்த இரண்டு சட்டைகளும் காயவில்லை. ஈரச் சட்டையோடு பணிமனைக்குப் போனேன். நாச்சிமுத்து தன் சட்டையைக் கொடுக்க வந்தான். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று பேருந்து நிலையத்தில் பயணிகளை விசாரித்தேன். மலைமேல் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"கொன்றையாத்து வண்டிங்களா? அது நிக்காதுங்."

"கை காட்டினா நிக்காதா?"

"அட, கை காட்டுனா நிக்குமுங். கெட்டுப்போயி நிக்காதுன்னு சொன்னனுங்."

இன்னொருத்தி சொன்னாள்: "மத்த டிப்போ வண்டின்னா சோத்துத் தூக்குப்போசியோட ஏறுவமுங். எப்பப் போயிச் சேர்றதோ?"

இது எப்படி? புள்ளிவிவரம் ஒன்று சொல்கிறது, இவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். உள்ளூர்ப் பாசம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்றும் உறுத்துகிறது. பழுது நீக்கும் வேன் இந்தப் பணிமனையிலிருந்து அடிக்கடி கிளம்புகிறது. அதே நேரம் இந்தக் கிளையின் பேருந்துகள் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கின்றன. அப்படியானால் வேன் எங்கே போகிறது? பத்ரனைக் கேட்டேன். "காத்து வாங்கறதுக்குங் சார்" என்றான்.

மாலையில் பொது மேலாளர் சிதம்பரநாதன் பேசினார். "என்ன சார், இன்னும் அங்கயா உக்காந்திருக்கீங்க? நம்பர் எல்லாம் கம்ப்யூட்டர்லயே இருக்கு. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. துணை மேலாளர் புரமோஷன் பேனல்ல உங்க பேரு இருக்கு. இந்தத் தடவ நழுவ விட்டுடாதீங்க."

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இதற்கு மேல் என்ன தடவை இருக்கிறது?

ஆகஸ்ட் 8, வெள்ளி

அனுப்பிவிட்டேன். கொன்றையாறு, ஒன்பதாம் இடம். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. அந்தப் படிவத்தைத் தயாரித்தது நான் அல்ல, சென்னையிலிருந்து வந்த ஆலோசகர்கள். நான் கூட்டிப் போட்டுக் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.

வசுமதியிடம் ஃபோனில் சொன்னேன்.

"சந்தோஷமா உங்களுக்கு?"

"இதுல சந்தோஷம் என்ன இருக்கு? வேலை."

"பின்ன ஏன் குரல் இப்படி இருக்கு?"

"சட்டை ஈரம். சளி."

"அந்த மனுஷனப் பாத்தீங்களா? எப்படி இருக்காரு?"

"தலை நரைச்சிருக்கு" என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

கள ஆய்வு முடிய இன்னும் சில நாட்கள் இருப்பதால் இங்கேயே இருக்க வேண்டும். மதிப்பெண் போட்ட பிறகு பரீட்சை நடத்துவது இந்தக் கழகத்தில் புதிதல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும் என்று நினைக்கிறேன்.

மலைமேல் ஊருக்குத் தேயிலைத் தூள் வாங்கப் போனேன். திரும்பும்போது கடைசி வண்டி ஆலாம்பட்டிக் கிளையுடையது. முதலிடம் வாங்கிய கிளையாயிற்றே என்று ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். வழுக்குப்பாறை வளைவில் அடியில் ஏதோ வெடித்த சத்தம். பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் பிய்ந்துவிட்டது. ஓட்டுநர் எப்படியோ வண்டியைப் பாறையோரம் ஒட்டி நிறுத்திவிட்டார்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நடத்துநர் தன் கிளையைக் கூப்பிட்டார். ஃபோனில் வந்த பதில் எல்லோருக்கும் கேட்டது: "மெக்கானிக் இல்லப்பா, காலைல பாத்துக்கலாம். ஆளுங்கள வேற வண்டில ஏத்தி உடு."

"வேற வண்டி ஏதுண்ணா? இதான் கடைசி வண்டி."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். நடத்துநர் பேருந்துக்குள் வந்து, "யாரும் கீழ எறங்க வேண்டாமுங். இது ஆனை தாண்டற எடம். அக்கா, அந்தப் பலாப்பழத்தச் சாக்குல சுத்துங். வாசத்துக்கே வந்துரும்" என்றார்.

என் முன் இருக்கையில் ஒரு பெண் மடியில் பெரிய பலாப்பழத்தை வைத்திருந்தாள். "ஏன், வீசியெறியச் சொல்லேன்! எம்பட மக மாசமா இருக்கறா. ஆனைக்குக் குடுக்கறதுக்கா மலை மேல இருந்து கட்டித் தூக்கிட்டு வர்றேன்?"

"வீசச் சொல்லலீங்க்கா. சுத்தத்தான் சொன்னேன்."

"சாக்கு யாரு குடுப்பா? உங்க டிப்போவா?"

யாரோ போர்வை கொடுத்தார்கள். பழத்தைப் பிள்ளையைப் போலச் சுற்றி வைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் கீழே பள்ளத்தில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் யாரோ முருகன் பெயரை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நடத்துநர் இன்னொரு எண்ணை அழைத்தார். மனப்பாடமாக வைத்திருந்தார். "பத்ரண்ணா, வழுக்குப்பாறைல நிக்கறனுங்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நன்றாக இருட்டுவதற்குள் கொன்றையாற்று வேன் வந்துவிட்டது. விளக்கை முழுவதும் எரியவிட்டு, ஹாரன் அடிக்காமல், மெதுவாக. பத்ரன் குழாயும் சாவிகளுமாக அடியில் புகுந்தான். வேனின் முன் இருக்கையிலிருந்து டார்ச் விளக்கோடு இறங்கியது நாச்சிமுத்து. ஞாயிற்றுக்கிழமை, லுங்கியோடு வந்திருந்தான். வெளிச்சத்தை ஜன்னல் ஜன்னலாக அடித்து ஆட்களைப் பார்த்தவன் என்னிடம் வந்ததும் நிறுத்தினான்.

"யோவ், நீயா? கேடயம் வாங்குன வண்டின்னு நம்பி ஏறிட்டயாக்கும்?"

தேயிலைத் தூள் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பும் முன் ஆலாம்பட்டி நடத்துநர் பத்ரனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "அண்ணா, வழக்கம்போலத்தானுங்?"

"வேறென்ன? கை வெச்சவன் கணக்கு. போ போ, ஆனை டிக்கெட் கேக்கறதுக்குள்ள கெளம்பு."

கை வைத்தவன் கணக்கு. கீழே வந்து சேரும்வரை அதையே மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் பத்ரனைப் பிடித்துக் கேட்டேன். மறைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை நான் மட்டும் கேட்கிறேனே என்று பார்த்தான்.

விஷயம் இதுதான். வழியில் நின்ற வண்டியை எந்தக் கிளையின் ஆட்கள் சரிசெய்கிறார்களோ, அந்தக் கிளையின் பெயரில்தான் பழுது பதிவாகும். வண்டி யாருடையது என்று கணினி கேட்பதில்லை. அதனால் மற்ற கிளைக்காரர்கள் அடுத்தவன் வண்டியைத் தொடவே மாட்டார்கள். கண்ணெதிரே நின்றாலும் தாண்டிப் போய்விடுவார்கள். இந்த மலைப்பாதையில் ஐந்து கிளைகளின் வண்டிகள் ஓடுகின்றன. எது நின்றாலும் கொன்றையாறுதான் கை வைக்கிறது. கொன்றையாற்றின் சொந்த வண்டிகள் நிற்பதே இல்லை. ஆனால் மலையில் நிற்கும் எல்லா வண்டிகளும் கொன்றையாற்றின் கணக்கு.

நான் ஒன்பதாம் இடம் கொடுத்திருப்பது இதற்குத்தான்.

நேராக நாச்சிமுத்துவின் அறைக்குப் போனேன். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவன்மேலேயே காட்டினேன்.

"இதை ஏன் தலைமையகத்துக்கு எழுதல?"

"உக்காருய்யா. டீ சொல்லட்டுமா?"

"ஏன் எழுதல? வண்டி யாருதோ அவங்க கணக்குல ஏத்தணும்னு ஒரு வரி எழுதினா தீர்ந்துது."

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எழுதிருக்கலாம். எழுதுனா மாத்தியும் போடுவாங்க. அப்பறம் என்ன ஆகும், நீயே சொல்லு. எம்.இ. படிச்சவன்தானே?"

நான் யோசித்தேன். தெரியவில்லை.

"கணக்கு தன் தலைல ஏறும்னா ஆலாம்பட்டிக்காரன் எங்களக் கூப்புடுவானா? மாட்டான். வண்டி நின்னதையே மறைப்பான். காலைல ஆளனுப்பி கமுக்கமா எடுத்துட்டுப் போவான். ராத்திரி முச்சூடும் சனம் அங்க உக்காந்திருக்கும். இப்பக் கூப்புடறான்னா, கணக்கு எங்களுதுங்கற தைரியத்துலதான் கூப்புடறான்."

"அதுக்காகக் கெட்ட பேரை வாங்கிக்கறதா?"

"பேரு பேப்பர்லதானே இருக்குது? பஸ் ஸ்டாண்டுல போயிக் கேட்டுப் பாரு."

கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லவில்லை. டீ வந்தது. குடித்தேன். அவனாகவே பழைய கதைக்குப் போனான்.

"உனக்கு நெனப்பிருக்கா? என்னை இங்க தூக்கி அடிச்சதுக்கும் இதேதான் காரணம். அடுத்த கிளை வண்டிக்கு அனுமதி இல்லாம ஸ்பேர் குடுத்தேன்னு மொட்டைக் கடுதாசி. விளக்கம் கேட்டு எனக்கே ஒரு நகல் அனுப்புனாங்க. படிச்சுப் பாத்தா, ஒரு வரி பொய் இல்லய்யா! அத்தனையும் நெசம்."

"யார் எழுதினதுன்னு தெரியுமா?"

"எழுதுனவன் நல்லாப் படிச்சவன். ஊர் உலகத்துல மொட்டைக் கடுதாசின்னா 'அய்யா, அக்கிரமம்'னுதானே ஆரம்பிக்கும்? இவன் 'பொருள்', 'பார்வை'ன்னு தனித்தனியாப் போட்டு, விதி நம்பர் குடுத்து, ஸ்கேல் வெச்சு அடிக்கோடும் போட்டிருந்தான். பேரு மட்டும்தான் இல்ல." சிரித்தான். "என் ஆயுசுல அவ்வளவு சுத்தமான கடுதாசி நான் பாத்ததில்ல."

இந்தத் துறையில் பேனா வைத்திருக்கும் எல்லோரும் எழுதுவார்கள். டீயில் சர்க்கரை அதிகம். எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன்.

வாசலில் கூப்பிட்டுச் சொன்னான்: "அந்த டயர் ஆராய்ச்சி. கலியமூர்த்தி பண்ணதுதான், நான் படிக்க மட்டும் வந்தேன்னு மேடைலயே சொன்னேன்யா. நீதான் அன்னைக்கு லீவு போட்டுட்டயே."

லீவு போட்டது உண்மை. அவன் படிப்பதைப் பார்க்க முடியாது என்றுதான் போட்டேன். ஆனால் அவன் இப்படிச் சொன்னதாக அன்று வந்திருந்த ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே? நானும் யாரையும் கேட்கவில்லை. இப்போது யாரைக் கேட்பது? பாதிப் பேர் ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

அவன் பொய் சொல்கிறானா? பொய் என்றால் இத்தனை வருடம் கழித்து எதற்கு? உண்மை என்றால், நான் இத்தனை வருடம் எதற்கு?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலைவலி. அறையிலேயே இருந்தேன். யாரோ கதவருகே ரசம் சாதம் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 13, புதன்

பொது மேலாளரைக் கூப்பிட்டு, அறிக்கையில் ஒரு விளக்கக் குறிப்பு சேர்க்க வேண்டும் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். அதுதான் ஆச்சரியம்.

"புரியுது. ஆனா நீங்க வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப புதன்கிழமை வேற மாதிரி சொல்றீங்க. ரெண்டுல எது சரின்னு மேல கேப்பாங்களா, மாட்டாங்களா?"

"ரெண்டாவதுதான் சரி சார்."

"அப்ப மொதல்ல பாக்காமயே போட்டீங்களா? கலியமூர்த்தி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். பேனல் இந்த மாசம் முடியுது. உங்களுக்கு என்ன, நாச்சிமுத்து மாமனா மச்சானா? உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு ஆபீஸ் முழுக்கத் தெரியும்."

"ஆகாதுதான்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்று எனக்கும் விளங்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பணிமனையில் கொடியேற்றினார்கள். வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். கொடி ஏறும்போது கயிறு சிக்கிக்கொண்டது. பத்ரன் "கை வெக்கட்டுமுங்களா?" என்று குரல் கொடுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றேன்.

லட்டு கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. யாரோ கைப்பேசியில் காட்ட, அது கைமாறிக்கொண்டே வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கொன்றையாறு கிளை ஆலாம்பட்டியோடு இணைக்கப்படுகிறது. வண்டிகளும் ஆட்களும் வேனும் ஆலாம்பட்டிக்குப் போக வேண்டும். ஆலாம்பட்டி சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து மலையடிவாரத்துக்கு வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிறகுதான் ஏற்றம்.

பத்ரன் கையில் கடித்த லட்டோடு என்னிடம் வந்தான். "கம்ப்யூட்டர் போட்ட மார்க்காமுங்ளே சார்? நீங்க சொன்னாத் திருத்தாதுங்ளா?"

"பார்க்கலாம்" என்றேன்.

"பொழப்புக்கு ஒண்ணுமில்லீங். ஆலாம்பட்டிலயும் ஸ்பேனர் அதேதான். வழுக்குப்பாறைல நின்னா யாருங் சார் வருவாங்க?"

பலாப்பழக்காரியின் நினைப்பு வந்தது. அவளுடைய மகளுக்குப் பிரசவம் எப்போதோ? ஆஸ்பத்திரிக்குக் கீழேதான் இறங்கி வர வேண்டும். அந்த வளைவு வழியாகத்தான்.

அறிக்கையில் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். கிளை மேலாளர்களுக்கு நகல் போகும். அவன் லட்டுத் தட்டோடு வந்து என் கையில் இரண்டு வைத்தான்.

"தின்னுய்யா. நெய்யில பண்ணது."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

ஆகஸ்ட் 16, சனி

இரண்டாவது லட்டை இன்னும் தின்னவில்லை. எறும்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கையெழுத்துப் போட்டு ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'எனது முந்தைய மதிப்பீட்டில்' என்று தொடங்கினேன். கிழித்தேன். 'புதிதாகக் கிடைத்த தகவல்களின்படி' என்று தொடங்கினேன். புதிதாகக் கிடைக்கவில்லையே, பத்ரனைச் சரியாகக் கேட்டிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். அதையும் கிழித்தேன்.

தவிர, என்னதான் கேட்பது? கணக்கு முறையை மாற்றச் சொன்னால் நாச்சிமுத்து சொன்னதுதான் நடக்கும், கூப்பிடுவது நின்றுபோகும். மாற்ற வேண்டாம் என்றால், இந்தக் கிளை வருடா வருடம் கடைசியாகவே வரும். 'கணக்கு தவறு. தவறாகவே இருக்கட்டும். ஆனால் கிளையை மூடாதீர்கள்' என்று ஒரு பொறியாளன் எப்படிக் கையெழுத்துப் போட்டு எழுதுவான்? எந்தப் படிவத்தில் இதற்கு இடம் இருக்கிறது?

வசுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக அவள் எழுந்து போகவில்லை. அல்லது, போனது ஃபோனில் தெரியவில்லை.

"எழுதிப் போட வேண்டியதுதானே?"

"பேனல் போயிடும்."

"போனா?"

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்ட."

"துணை மேலாளர் சம்சாரம்னு சொல்லிக்கணும்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?" அடுப்பிலிருந்து எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "என்னங்க, அந்தப் பழைய லெட்டர் விஷயம் அவருக்குத் தெரியுமா?"

"எந்த லெட்டர்?"

"சரி. வைக்கிறேன்."

ஆகஸ்ட் 20, புதன்

நாளைக் காலை ஊருக்குக் கிளம்புகிறேன். நாச்சிமுத்து மலைத்தேன் ஒரு பாட்டில் கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறான், துணிகளுக்கு நடுவில், சிந்தாமல். நான் இல்லாத நேரத்தில் என் சட்டைகளைக்கூட மடித்திருக்கிறான்.

எழுதி முடித்துவிட்டேன். நிர்வாக இயக்குநருக்கு. கையெழுத்து இல்லாத மனுக்களின்மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிந்தவரை, கையெழுத்துள்ள அறிக்கையை யாரும் படிப்பதில்லை, மொட்டைக் கடிதத்தைப் படிக்காத அதிகாரி இல்லை. ஆகவே இது பயத்தினால் செய்வதல்ல. பலன் கருதிச் செய்வது. அப்படித்தான் நினைக்கிறேன்.

வழுக்குப்பாறையை எழுதினேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பதிலை எழுதினேன். மூங்கில் முறிந்ததையும், வேனின் விளக்கையும் எழுதினேன். இந்தக் கிளையின் எண்களை நம்ப வேண்டாம், ஒரு மாலை நேரம் கடைசி வண்டியில் ஏறிப் பாருங்கள் என்று எழுதினேன். மதிப்பீடு செய்த அதிகாரி அவசரப்பட்டுவிட்டார் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அவருக்கு அந்தக் கிளை மேலாளரோடு பழைய மனத்தாங்கல் உண்டு என்பதைச் சேர்க்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சேர்த்துவிட்டேன். ஒரு வரி பொய் இல்லை.

உறையில் போடும் முன் படித்துப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. மேலே 'பொருள்: கொன்றையாறு கிளையை மூடும் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டுதல்' என்றும், அதன்கீழ் 'பார்வை' என்றும் எழுதி, இணைப்பு ஆணையின் எண்ணையும் தேதியையும் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் அடியில் கோடு. ஸ்கேல் மேசைமேல் கிடக்கிறது. எடுத்ததுகூட நினைவில்லை.

மனு யாரைப் பற்றியதோ, அவருக்கு ஒரு நகல் அனுப்பிக் குறிப்புரை கேட்பது நடைமுறை. பத்து நாளில் இது நாச்சிமுத்துவின் மேசைக்கு வரும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பான்.

வெள்ளைத் தாள் இன்னும் நிறைய இருக்கிறது. 'அய்யா, அக்கிரமம்' என்று தொடங்கிக் கிறுக்கலாக எழுதிவிட அரை மணி நேரம் போதும். தாளை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே பத்ரன் யாரையோ கேலி செய்துகொண்டிருந்தான். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. யாருடைய வண்டி, எங்கே நிற்கிறதோ.

வெள்ளைத் தாளைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உறையை ஒட்டி முகவரி எழுதினேன். நாளை ஜங்ஷனில் ரயில் மாறும்போது அங்குள்ள தபால் பெட்டியில் போடுவேன். அந்தப் பெட்டியில் போட்டால் முத்திரையில் கொன்றையாற்றின் பெயர் இருக்காது. கையெழுத்துப் போடப் போவதில்லை. பொருளும் பார்வையும் அடிக்கோடும் அப்படியே இருக்கட்டும்.